பொய்யாகச் சாட்சியம் அளிக்கிறேன் என்றால் சரியல்ல

தமிழ்நாட்டு நீதிமன்றம் எதிலிருந்து சாட்சி வாக்குமூலம் வந்தாலும் அதன் கடைசி வரியை நான் படிக்காமலே சொல்லிவிடுவேன். "நான் பொய்யாகச் சாட்சியம் அளிக்கிறேன் என்றால் சரியல்ல." கொலை வழக்கா, செக் கேஸா, வரப்புத் தகராறா என்பதெல்லாம் பொருட்டில்லை. குறுக்கு விசாரணை முடிகிற இடத்தில் இந்த வரி வந்தே தீரும். சில சமயம் "எதிரி தரப்பின் மீதுள்ள முன்விரோதத்தால்" என்று முன்னால் ஒரு ஒட்டு இருக்கும். சில சமயம் "போலீசார் சொல்லிக்கொடுத்தபடி" என்று இருக்கும். மற்றபடி வாக்கியம் மாறுவதில்லை.

இதையெல்லாம் ஆங்கிலமாக்குவதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. அரசியலமைப்புச் சட்டத்தின் 348-ஆவது உறுப்பின்படி உச்ச நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும். கீழ் நீதிமன்றத்தில் தமிழில் பதிவான சாட்சியம், முதல் தகவல் அறிக்கை, கிரயப் பத்திரம் எல்லாம் மேல்முறையீட்டோடு டெல்லிக்கு வரும்போது யாராவது ஒருவர் அவற்றை ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். அந்த யாராவதுகளில் நானும் ஒருத்தி. மயூர் விஹாரில் வீடு. ப்ளூ லைன் மெட்ரோவில் ஏறினால் யமுனையைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் சுப்ரீம் கோர்ட் ஸ்டேஷன். முன்பு பிரகதி மைதான் என்று பெயர் இருந்ததே, அதுதான். இப்போது பெரும்பாலும் பி.டி.எஃப்.தான் என்பதால் நேரில் போவது குறைந்துவிட்டது. போனாலும் வக்கீல்களின் சேம்பரில் டீ குடிக்கத்தான்.

அந்தக் கடைசி வரியின் "பொய்யாக" என்ற சொல்லுக்கு நான் ஆங்கிலத்தில் போடுவது ஃபால்ஸ்லி. அப்படி ஒரு டீ நேரத்தில் மதுரைப் பக்கத்து ஜூனியர் தம்பி ஒருவர் கேட்டார்: "அக்கா, இந்த ஃபால்ஸ்லியை எடுத்துட்டு இன்கரெக்ட்லின்னு போடலாமா? கொஞ்சம் மென்மையா இருக்கும்ல?" போடக்கூடாது என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் நேரமானது. அன்று டீ ஆறிப்போனதோடு நின்ற பேச்சை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன்.

முதலில், அந்தக் கடைசி வரியைச் சொல்வது யார்? சாட்சி என்று தோன்றும். அது எதிர்த்தரப்பு வக்கீல் சொன்னது. ஒரு சாட்சி சொன்னதை மறுக்க வேண்டுமானால், அந்த மறுப்பை அவர் கூண்டில் இருக்கும்போதே அவர் முன் வைக்க வேண்டும். வைக்காமல் விட்டால் அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டதாகிவிடும். இங்கிலாந்தில் 1893-இல் பிரவுன் எதிர் டன் என்ற வழக்கில் பிரபுக்கள் சபை (அப்போது அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம்) அழுத்தமாகச் சொன்ன விதி இது. நம் நீதிமன்றங்களும் இதைப் பின்பற்றுகின்றன. அதனால் எந்த வக்கீலும் குறுக்கு விசாரணையை முடிக்கும்போது ஒரு பாதுகாப்புக்காக, "நீங்கள் பொய்யாகச் சாட்சியம் சொல்கிறீர்கள்" என்று ஒரு வரியை வைத்துவிட்டு உட்காருவார். சாட்சி "இல்லைங்க" என்பார். அந்த "இல்லைங்க"தான் "என்றால் சரியல்ல" என்று தாளில் ஏறுகிறது.

டெல்லியில் இது இன்னும் வேடிக்கை. தீஸ் ஹசாரி, சாகேத் போன்ற கீழ் நீதிமன்றங்களில் பாருங்கள்: வக்கீல் ஹிந்தியில் கேட்பார், சாட்சி "நஹீ ஜி" என்று தலையாட்டுவார், நீதிபதி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல ஸ்டெனோ அதே கடைசி வரியைத் தட்டுவார்: "இட் இஸ் ராங் டு சஜஸ்ட் தட் ஐ ஆம் டெபோசிங் ஃபால்ஸ்லி." அந்த அறையில் ஃபால்ஸ்லி என்ற சொல்லைச் சாட்சி சொல்லவே இல்லை. வக்கீலும் வாயால் சொல்லவில்லை. ஆனால் மேல்முறையீட்டில் படிக்கிறவர்களுக்கு அது சாட்சியின் வாயிலிருந்து வந்த சொல். ஒரே வாக்கியத்தில் ராங், ஃபால்ஸ்லி என்று இரண்டு சொற்கள் இருப்பதையும் கவனியுங்கள். ஹிந்தியிலும் அதே ஜோடி உண்டு: கலத், ஜூட். முதலாவது அரபியிலிருந்து வந்த சொல், பிழை என்று பொருள். இரண்டாவது பொய். வக்கீல் சொன்னது பிழை, அவர் என் மேல் சுமத்தியது பொய் சொன்ன குற்றம் என்கிறார் சாட்சி. தம்பி கேட்டபடி ஃபால்ஸ்லியை இன்கரெக்ட்லி ஆக்கினால் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும். சாட்சி எதை மறுத்தார் என்பதே தெரியாமல் போகும்.

ஃபால்ஸ் என்ற இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு பழைய நண்பரைப் பார்த்த மாதிரி இருக்கும். லத்தீனில் ஃபால்லரே என்றால் ஏமாற்றுவது. அதிலிருந்து வந்த எச்ச வடிவம் ஃபால்சுஸ், ஏமாற்றப்பட்ட, ஏமாற்றுகிற. பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் நுழைந்துவிட்டது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக அதே சொல் இன்னொரு முறை வந்து நன்றாக ஊன்றிக்கொண்டது. ஃபால்லரே பெற்ற பிள்ளைகள் வேறு யார் யார் என்றால் ஃபெயில், ஃபால்ட், டிஃபால்ட், ஃபாலசி. பரீட்சையில் ஃபெயில் ஆனவனும் பொய்ச்சாட்சி சொன்னவனும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஏமாற்றுவது என்ற பொருளிலிருந்து, நம்பியது நடக்காமல் கைவிடுவது என்ற பொருளுக்கு லத்தீன் நகர்ந்திருக்கிறது.

தமிழில் மழை என்ன செய்கிறது? பொய்க்கிறது. "வான் பொய்ப்பினும் தான் பொய்யா" என்று பட்டினப்பாலை காவிரியைச் சொல்லும்போது வானம் யாரிடமும் பொய் சொல்லவில்லை. வர வேண்டியது வரவில்லை, அவ்வளவுதான். மழை பொய்த்தது, விளைச்சல் பொய்த்தது, கணிப்பு பொய்த்தது என்று இன்றைக்கும் செய்தித்தாளில் எழுதுகிறோம். லத்தீனுக்கும் தமிழுக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. இரண்டு விவசாயச் சமூகங்கள் வானத்தைப் பார்த்து ஒரே மாதிரி ஏமாந்திருக்கின்றன என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

அந்த வால், லி, அதற்கும் ஒரு கதை உண்டு. பழைய ஆங்கிலத்தில் லீச் என்றால் உடம்பு. ஜெர்மன் மொழியில் லைஹ என்று பிணத்துக்குச் சொல்வது இதே குடும்பம்தான். உடம்பு என்ற சொல் தேய்ந்து, "அதன் வடிவில்", "அது போல" என்ற பொருளில் சொற்களின் வாலாக ஒட்டிக்கொண்டது. லைக் என்ற சொல்லும் அதன் உறவுதான். ஆக ஃபால்ஸ்லி என்பதைப் பிரித்தால் பொய்யும் உடம்பும். உடம்புக்குத் தமிழில் மெய் என்று பெயர். பொய்யையும் மெய்யையும் ஒட்டவைத்து ஒரு வினையடை செய்திருக்கிறார்கள். மொழியியல்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது.

சரி, பொருளுக்கு வருவோம். ஃபால்ஸ் என்ற பெயரடைக்கும் ஃபால்ஸ்லி என்ற வினையடைக்கும் நடத்தை வேறு. ஃபால்ஸ் டீத் யாரையும் ஏமாற்றுவதில்லை. நம் பொய்க்கால் குதிரையும் அப்படித்தான். ஃபால்ஸ் சீலிங்கைப் பாருங்கள், மேலே உண்மையான கூரை ஒன்று இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். (டெல்லியில் பாதிக் கடைகளில் இதை "ஃபால் சீலிங்" என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். விழுகிற கூரையை யார் காசு கொடுத்துப் போடுவார்கள் என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் கேட்பார்.) பெயரடை பொருளோடு நின்றுகொள்கிறது. வினையடை ஒரு செயலைப் பிடிக்கிறது. செயல் என்றால் செய்தவர் இருப்பார். ஃபால்ஸ்லி ஸ்வோர், ஃபால்ஸ்லி அக்யூஸ்டு என்று எழுதியவுடனே ஒரு ஆளை நோக்கி விரல் நீள்கிறது.

எப்போதும் அப்படியா என்றால் அதுவும் இல்லை. ஒரு வழக்குக் கட்டில் மருத்துவ அறிக்கை இருந்தது. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து, ஆய்வகத்தில் அளவு கூடுதலாகக் காட்டும். இதை மருத்துவர்கள் "ஃபால்ஸ்லி ஹை" என்பார்கள். இங்கே பொய் சொன்னது யார்? யாருமில்லை. அதேபோல "ஹி ஃபால்ஸ்லி பிலீவ்டு" என்று ஆங்கிலத்தில் எழுதலாம். தமிழில் "அவர் பொய்யாக நம்பினார்" என்று எழுத முடியுமா? எழுதினால் நம்புவது போல நடித்தார் என்று அர்த்தமாகிவிடும். "தவறாக நம்பினார்" என்றுதான் எழுத வேண்டும். ஆங்கில ஃபால்ஸ்லிக்கு இரண்டு முகம்: உண்மைக்குப் பொருந்தாமல் என்பது ஒன்று, ஏமாற்றும் எண்ணத்தோடு என்பது இன்னொன்று. மனிதர் ஒருவர் செய்யும் வினையோடு சேரும்போது தமிழ்ப் பொய்யாகவுக்கு ஒரே முகம்தான். தெரிந்தே செய்தார் என்ற குற்றச்சாட்டு அதற்குள்ளேயே இருக்கிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது கூர்மை கொஞ்சம் மழுங்குகிறது. திரும்பி வரும்போது ஆபத்து அதிகம். வெறும் பிழையைச் சொன்ன வாக்கியம் ஒருவரைப் பொய்யர் ஆக்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் யாரும் "பொய்யாகச் சாட்சியம் அளிக்கிறான்" என்று பேசுவதில்லை. பொய்ச்சாட்சி சொல்றான் என்பார்கள். பொய்ச்சத்தியம் பண்ணான், பொய்க்கணக்கு எழுதினான், பொய் வழக்கு போட்டாங்க. தமிழ் தன் பொய்யைப் பெயர்ச்சொல்லோடு ஒட்டவைத்தே வேலையை முடித்துவிடுகிறது. விவிலியத்தின் பத்துக் கட்டளைகளைத் தமிழாக்கியவர்களும் "பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்றுதான் எழுதினார்கள். நீதிமன்றத் தாளில் நிற்கும் "பொய்யாக" ஆங்கில வினையடைக்குப் போட்ட வேட்டி என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தத் தமிழை நான் மறுபடி ஆங்கிலமாக்கும்போது அது பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போகிறது. அதனால்தான் அவ்வளவு வழுக்கிக்கொண்டு போகிறதோ என்னவோ.

சட்டம் இந்தச் சொல்லை எப்படிப் பார்க்கிறது? மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837-இல் வரைவு கொடுத்து, 1860-இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டம் வினையடைகள் மீது தனி அக்கறை காட்டியது. "நேர்மையின்றி", "மோசடியாக", "தன்னிச்சையாக" என்ற மூன்று வினையடைகளுக்கு 24, 25, 39 என்று தனித்தனிப் பிரிவு போட்டு விளக்கம் சொன்னது. மோசடியாக என்றால் என்ன? மோசடி செய்யும் எண்ணத்தோடு செய்வது, வேறு எப்படியும் இல்லை. இதுதான் 25-ஆம் பிரிவு. சட்டம் படிக்கும் பிள்ளைகள் முதல் வருடத்திலேயே சிரித்துவிட்டுக் கடந்துபோகும் இடம். ஆனால் பொய்யாக என்ற சொல்லுக்கு மட்டும் விளக்கமே கிடையாது. 211-ஆம் பிரிவில் "பொய்யாகக் குற்றம் சாட்டினால்" என்று அந்தச் சொல் வருகிறது. வந்தவுடனே "நியாயமான ஆதாரம் இல்லை என்று தெரிந்தே" என்றும் சேர்த்துவிடுகிறார்கள். எழுதியவர்களுக்கு அந்த இரண்டு முகம் தெரிந்திருக்கிறது. சொல்லை மட்டும் நம்பி விடவில்லை.

விளக்கம் இல்லாவிட்டால் என்ன, எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. சட்டப் பிரிவுக்குக் கீழே குட்டிக் கதை மாதிரி எடுத்துக்காட்டு எழுதுவது மெக்காலே கொண்டுவந்த பழக்கம். பொய்ச்சாட்சியம் எது என்று சொல்லும் 191-ஆம் பிரிவின் கீழே உள்ளவற்றைப் போல ரசித்துப் படித்த சட்ட எழுத்து எனக்கு வேறில்லை. முதல் கதை இது. ஒருவருக்கு இன்னொருவர் ஆயிரம் ரூபாய் தர வேண்டும். கடன் உண்மை, கேட்பதும் நியாயம். அதற்கு ஆதரவாக மூன்றாமவர் ஒருவர் வந்து, "கடன் வாங்கியதை அவரே ஒப்புக்கொண்டதை நான் கேட்டேன்" என்று சத்தியம் செய்கிறார். அவர் கேட்கவில்லை. அது பொய்ச்சாட்சியம். கோரிக்கை நியாயமானது என்பதால் தப்ப முடியாது.

இன்னொரு கதை. ஒருவருடைய கையெழுத்து எப்படி இருக்கும் என்று அறிந்தவர், ஒரு கையொப்பத்தைப் பார்த்து இது அவருடையதுதான் என்று நம்புகிறேன் என்கிறார். மனதார நம்புகிறார். கடைசியில் அது வேறு யாரோ போட்டது. இது பொய்ச்சாட்சியம் ஆகாது, ஏனென்றால் அவர் சொன்னது தன் நம்பிக்கையை, அந்த நம்பிக்கை உண்மை.

மூன்றாவதுதான் என்னை அசர வைப்பது. இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் இருந்தார் என்பது எனக்குத் தெரியும் என்று ஒருவர் சத்தியத்தின் பேரில் சொல்கிறார். அவருக்கு அதைப் பற்றி எதுவுமே தெரியாது. இன்னார் அந்த நாளில் அங்கே இருந்தாரா இல்லையா? அது தேவையே இல்லை என்கிறது சட்டம். இருந்திருந்தாலும் இவர் சொன்னது பொய்ச்சாட்சியம்தான். சொன்ன சேதி உண்மை, சொன்னவர் பொய்யர்.

இங்கேதான் அந்த வினையடையின் முழு வேலையும் தெரிகிறது என்பது என் கட்சி. சேதியை மட்டும் உரசிப் பார்த்தால் பொய்ச்சாட்சி பிடிபடாது. சொன்ன விதத்தைப் பார்க்க வேண்டும், அதாவது சொன்னவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை. "தன்நெஞ்சு அறிவது பொய்யற்க" என்று வள்ளுவர் சொன்னதும் இதையேதான். உலகம் அறிவது என்று அவர் எழுதவில்லை. உன் நெஞ்சு எதை அறியுமோ அதை. 191-ஆம் பிரிவின் உரைநடையும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறது: பொய் என்று அறிந்தோ, பொய் என்று நம்பியோ, உண்மை என்று நம்பாமலோ சொல்வது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 191 என்ற எண் 227 ஆகியிருக்கிறது. கதைகள் அப்படியேதான் இருக்கின்றன.

நெஞ்சில் இருந்ததை எப்படி நிரூபிப்பது என்பதுதான் நடைமுறைச் சிக்கல். நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச்சாட்சி சொன்னால் ஏழு வருடம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் வழக்குத் தொடுப்பதற்கு அந்த நீதிமன்றமே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். நானோ நீங்களோ நேரடியாகப் போக முடியாது. ஏற்கெனவே வழக்குகள் குவிந்து கிடக்கும் நீதிமன்றம் எதற்கு இன்னொன்றைத் தானே பெற்றுப் போட்டுக்கொள்ளப் போகிறது? அதனால் அந்தக் கடைசி வரி தினமும் ஆயிரம் வாயிலிருந்து வந்தும், நடவடிக்கை வரை போவது அரிது.

டெல்லிக்காரர்களுக்கு மறக்காத விதிவிலக்கு ஜெசிகா லால் கொலை வழக்கு. 1999 ஏப்ரலில் மெஹ்ரோலியில் ஒரு விருந்தில் நடந்த கொலை. முக்கிய சாட்சி ஒருவர் முன்பு சொன்னதை மறுத்துப் பிறழ் சாட்சி ஆனார். அவர் சொன்ன காரணம் என் தொழிலுக்கு மிக நெருக்கமானது: போலீஸ் வாக்குமூலம் ஹிந்தியில் இருக்கிறது, நான் ஆங்கிலத்தில்தான் சொன்னேன், எனக்கு ஹிந்தி தெரியாது. 2006 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை செய்தது. அதே வருட டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதைத் திருப்பி, முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2013-இல் அந்தச் சாட்சி மீது பொய்ச்சாட்சி நடவடிக்கைக்கும் உத்தரவிட்டது. மொழி தெரியாது என்பதே பொய்யா என்று ஒரு நீதிமன்றம் உட்கார்ந்து ஆராய வேண்டியிருந்தது.

நீதிமன்ற அறையில் பொய் சொல்லச் சட்டமே இடம் கொடுக்கும் ஆள் ஒருவர் உண்டு தெரியுமா? குற்றம் சாட்டப்பட்டவர். அரசுத் தரப்புச் சாட்சியம் முடிந்ததும் நீதிபதி அவரைப் பார்த்து, உங்களுக்கு எதிராக இப்படிச் சொல்லியிருக்கிறார்களே, என்ன சொல்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் இது 313-ஆம் பிரிவு. அவருக்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்லாமல் இருந்தாலும், பொய்யான பதில் சொன்னாலும் அதற்காகத் தண்டிக்க முடியாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அவர் என்ன சொல்வார்? தமிழ்த் தாள்களில் பக்கம் பக்கமாக ஒரே பதில்: பொய். அ.சா.1 (அரசுத் தரப்பு முதல் சாட்சி) இப்படிச் சொல்கிறாரே? பொய். அ.சா.2? பொய் சாட்சி. இங்கே வினையடையும் இல்லை, வாலும் இல்லை. பொய்ச்சாட்சிக்காகத் தண்டிக்கப்படக்கூடிய சாட்சிக்கு ஒரு முழு வாக்கியம். எது சொன்னாலும் தண்டனை இல்லாதவருக்கு ஒற்றைச் சொல். இதை மட்டும் நான் ஆங்கிலத்தில் நீட்டி எழுதுவதில்லை. ஃபால்ஸ் என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுவேன். வாக்கியமாக எழுதினால் கௌரவமாக இருக்குமே என்று வக்கீல்கள் கேட்டதுண்டு. கௌரவமாக இருக்கும், அவர் சொன்னதாக இருக்காது.

கடைசியில் "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்பார்கள். அப்போதுதான் அந்தப் புகழ்பெற்ற இரண்டு சொல் வரும்: ஃபால்ஸ்லி இம்ப்ளிகேட்டட். ஹிந்தியில் "முஜே ஜூட்டா ஃபசாயா கயா ஹை". தமிழில் "என் மீது பொய்யாக வழக்குப் போடப்பட்டுள்ளது" என்று தாளில் இருக்கும். வாயில் "மாட்டி விட்டுட்டாங்க சார்" என்றுதான் வந்திருக்கும். இம்ப்ளிகேட் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு உள்ளே வைத்து மடிப்பது, சிக்க வைப்பது என்று பொருள். ஹிந்திக்காரரின் ஃபசானாவும் வலையில் சிக்க வைப்பதுதான். மாட்டி விடுவது என்ன என்று உங்களுக்கே தெரியும். மூன்று மொழிகளும் ஒரே சுருக்கில் வந்து நிற்கின்றன. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மாட்டி விட்டார்கள் என்கிறவர் அடிதடியே நடக்கவில்லை என்று சொல்லவில்லை. அடிதடி நடந்தது, அதில் நான் இல்லை என்கிறார்.

நம் கிராமத்து வழக்குகளில் இது எவ்வளவு உண்மை என்பது கட்டுக் கட்டாகப் படித்தவர்களுக்குத் தெரியும். அண்ணன் வெட்டியிருப்பான், புகாரில் தம்பி, மச்சான், வயதான அப்பா வரை எதிரிகள் ஆகியிருப்பார்கள். வெட்டு உண்மை, பெயர்ப் பட்டியலில் பாதி பொய். இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு பழைய லத்தீன் வாக்கு உண்டு: ஒன்றில் பொய்யென்றால் எல்லாவற்றிலும் பொய். நம்முடைய அதே ஃபால்சுஸ்தான் அதிலும் இரண்டு முறை வருகிறது. அதை அப்படியே இங்கே பிடித்துக்கொண்டால் மச்சானின் பெயரைச் சேர்த்ததற்காக வெட்டியவனும் வெளியே வந்துவிடுவான். உச்ச நீதிமன்றம் 1957-இல் நிசார் அலி வழக்கில் இது எச்சரிக்கைக்கான விதிதான், கட்டாய விதி இல்லை என்று சொல்லிவிட்டது. அடுத்த பத்தாண்டில் உகர் ஆஹிர் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. துளியும் பொய் கலக்காத, கொஞ்சமும் மிகைப்படுத்தாத சாட்சியைப் பார்ப்பதே அரிது என்று ஒப்புக்கொண்டு, தானியத்தையும் பதரையும் பிரிப்பது நீதிமன்றத்தின் வேலை என்றது. நான் படித்த தீர்ப்புகளிலேயே நம் ஊர் மனிதர்களைச் சரியாகப் புரிந்துகொண்டு எழுதிய வரி அது.

பிரிப்பது நீதிமன்றத்தின் வேலை என்றால், பிரிக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. பதரையும் பதராகவே. இதற்கும் 191-இல் ஒரு கதை இருக்கிறது, கடைசிக் கதை. சத்தியத்தின் பேரில் மொழிபெயர்க்கக் கடமைப்பட்ட ஒருவர், சரியான மொழிபெயர்ப்பு இல்லாததை, சரியானது என்று தானே நம்பாததை, சரியான மொழிபெயர்ப்பு என்று சான்று கொடுத்தால் அவர் பொய்ச்சாட்சியம் அளித்தவர் ஆகிறார். 1860-லேயே எங்களுக்கும் ஒரு இடம் போட்டு வைத்திருக்கிறார்கள். சில வழக்குகளில் மொழிபெயர்ப்பாளரும் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டியிருக்கும். அப்போதெல்லாம் இந்தக் கதை எனக்குச் சும்மா கதையாக இருப்பதில்லை.

சமீபத்தில் ஒரு அலுவலகத்திலிருந்து ஒரு கட்டு வந்தது. மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டது மேடம், கம்ப்யூட்டரே செய்துவிட்டது, நீங்கள் ட்ரூ ட்ரான்ஸ்லேஷன் என்று கையெழுத்து மட்டும் போட்டால் போதும், வழக்கமான ரேட்டில் கால்வாசி தருகிறோம் என்றார்கள். திறந்து பார்த்தேன். கடைசி வரி சரியாகவே இருந்தது, ஃபால்ஸ்லி அதன் இடத்தில் இருந்தது. முதல் பக்கத்துக்குப் போனேன். நம் நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்போம் அல்லவா? முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று. எந்திரம் அவர்களை எனிமி நம்பர் ஒன், எனிமி நம்பர் டூ ஆக்கியிருந்தது. அரசு சாட்சி தன் எனிமியைக் காவல் நிலையத்தில் அடையாளம் காட்டினார், எனிமியின் வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார், கடைசியில் எனிமி ஜாமீன் கேட்டார்.

போன் செய்து 191-இன் கடைசிக் கதையைப் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப முழுசா நீங்களே பண்ணிடுங்க மேடம்" என்றார்கள். முழுசாகச் செய்து, முழு ரேட்டுக்கே பில் அனுப்பினேன். பாதிப் பணம் வந்திருக்கிறது. மீதி அடுத்த வாரம் கண்டிப்பாக வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.